கழற்றி மாட்டும் மாப்பிள்ளை

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஓர் இனம் உண்டு. கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் சாம்பாரா ரசமா என்று முடிவெடுக்காமல் சோற்றில் இரண்டு குழி தோண்டி வைத்திருப்பார். சித்திரை வெயிலில் குடையோடு ஸ்வெட்டரும் கொண்டுபோவார். அந்த இனத்தின் முதல்தரமான மாதிரி வேண்டுமானால் பாப்பாரப்பட்டி சந்திரமோகனைப் பாருங்கள்.

கட்டடக்கலை படித்தவன். வீடு கட்டவேண்டியவன் சட்டை கட்டுகிறான். ஆமாம், தைப்பதில்லை, கட்டுகிறான். காலர் அவனுக்குக் கைப்பிடிச் சுவர், பாக்கெட் பால்கனி, முதுகில் காற்றோட்டத்துக்கு ஜன்னல். கை தனி, காலர் தனி, பாக்கெட் தனி, எல்லாவற்றுக்கும் பித்தான். வேண்டுமானால் மாட்டலாம், வேண்டாமானால் கழற்றலாம், கீழே ஒரு துண்டைச் சேர்த்தால் ஜிப்பா, கழற்றிய கைகளைக் கோத்தால் காய்கறிப் பை. நிலையான தையல் என்று ஒன்றாவது உண்டா? ஊஹூம்.

அப்பேர்ப்பட்டவன் மாரண்டஹள்ளிக்குப் பெண் பார்க்கப் போனான். கோகிலாவின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இடம் தட்டிப்போனால் தாங்கமாட்டேன் என்று சொல்லித்தான் அக்கா சோபனாவைக் கூட்டிப்போனான்.

பெண்ணின் அப்பா பச்சியப்பன், தக்காளி வியாபாரி.

“வேர்க்குதுங்களா? ஃபேன் போடட்டுங்களா?” என்றார்.

அது போதாதா? சட்டையின் இரண்டு கைகளையும் கழற்றி நாற்காலியில் போட்டான். காலரைக் கழற்றினான். பாக்கெட்டைப் பிடுங்கி முதுகில் மாட்டிக் காட்டினான். காபித் தட்டோடு வந்த கோகிலா வாய்விட்டுச் சிரித்தாள்.

“நல்லா இருக்குதுங்க. எனக்கும் இந்த மாதிரி ஒரு சுடிதார் கெடைக்குங்களா?”

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பச்சியப்பனும் சிரித்தார். “பாப்பாவுக்குப் புடிச்சாப்பலதான் தெரியுது. நீங்க சொல்லுங்க, பொண்ணு புடிச்சிருக்குதுங்களா?”

ஒரு ‘ஆமாங்க’ போதும். நெஞ்சு நிறைய அதுதான் இருந்தது. ஆனால் எதையும் ஒரேயடியாக முடித்துப் பழகாத வாயாயிற்றே ஐயா, என்ன செய்வது?

“புடிச்சிருக்குதுங்க. இப்போதைக்கு இதே இருக்கட்டும். சரிப்படலன்னா அப்பறம் மாத்திக்கலாங்க.”

சோபனா கண்ணை மூடிக்கொண்டாள். கோகிலா நாற்காலியில் கிடந்த சட்டைக் கைகளை எடுத்து, மடித்து, அவனிடம் நீட்டினாள்.

“மாட்டிக்கிட்டுக் கெளம்புங்க. பஸ்சுல காத்தடிக்கும்.”

பாலக்கோடு வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதான், பாவம்.

“ஆமாங்கன்னு ஒரு வார்த்த சொன்னா என்னடா கொறஞ்சு போயிருக்கும்?” என்றாள் சோபனா.

“ஒண்ணும் கொறையாதுக்கா. ஆனா அப்பறம் கழட்ட முடியாதே.”

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு நடை போய்வாருங்கள். பின்னால் மேல்மாடி எழுப்ப ஆகும் என்று தூணுக்குத் தூண் கம்பியை நீட்டி விட்டிருக்கிறீர்களே, துருப்பிடித்துப்போய் வருஷக்கணக்காய் நிற்கிறதே, அதில் இன்றைக்குக் காய்வது உங்கள் பனியன்தானே?