இறால் தொக்கும் கழுகுக் கண்ணும்

"எவன் அந்தப் பொத்தான அமுக்கினானோ, அவன் கையில சோறு தங்காமப் போவட்டும்!" என்றாள் ரஞ்சிதா.

தேவேந்திரன் கையிலிருந்த இட்லி தட்டில் விழுந்தது.

"இன்னாங்க ஆச்சு?"

"சூடு."

"ஆறிப்போன இட்லிங்க அது."

அவன் அவசரமாகத் தண்ணீரைக் குடித்தான். ரஞ்சிதா தன் போனை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். 'உங்கள் கணக்கில் உள்ள தொகை, மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது' என்று திரையில் இருந்தது. கீழே விற்பனையாளர் நம்பர். அந்த நம்பரைப் பார்த்ததும் தேவேந்திரனுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆகிவிட்டது. பொத்தானை அமுக்கியவன் அவனேதான்.

'கூடைக்காரி' என்பது வீட்டில் செய்யும் பொருள்களை விற்றுத் தரும் ஒரு ஆப். அதன் அலுவலகம் சென்னை ஓ.எம்.ஆரில், அவர்கள் குடியிருக்கும் படூரிலிருந்து கூப்பிடு தூரத்தில். அங்கே ரிஸ்க் பிரிவில் தேவேந்திரனுக்கு வேலை. எந்த விற்பனையாளர் மீது சந்தேகம் வருகிறதோ, அவர் பணத்தை 'ஹோல்டு' செய்வான். பொய்க் கணக்குகளை அவன் மோப்பம் பிடிக்கிற வேகத்தை மெச்சிக் கம்பெனி 'கழுகுக் கண்' என்று ஒரு ஷீல்டு கொடுத்திருந்தது. அது வீட்டில் டி.வி. பக்கத்தில் இருக்கிறது. காப்பி குடிக்க வருகிறவர்கள் அதன் கதையைக் கேட்காமல் தப்ப முடியாது.

அப்படிப்பட்ட கழுகுக்கு, ரஞ்சிதா தன் அம்மா வீட்டு முகவரியில் அதே ஆப்பில் இறால் தொக்கு விற்பது தெரியாது. அவள் சொல்லாமல் இல்லை. சாப்பிடும்போது பலமுறை சொல்லியிருக்கிறாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டு "ம்" போட்டிருக்கிறான். கூடைக்காரி விதிப்படி, விற்கிறவர் யார் என்பது ரிஸ்க் பிரிவுக்கு வெறும் நம்பர்தான். வாங்குகிறவர் யார் என்பதும் விற்கிறவருக்கு வெறும் நம்பர்தான்.

"வாங்கறவங்களுக்கும் ஒரு பாதுகாப்பு வேணும்ல ரஞ்சி?" என்றான் மெல்ல. "ஒருத்தன் காலி பாட்டில அனுப்பிட்டு காச வாங்கிகினு ஓடிட்டான்னு வையி..."

"ஓடறவன புடி, வேணாங்கல. என் தொக்கு போயி சேந்துச்சி, துன்னும் முடிச்சிட்டாங்க, பாட்டில கழுவி மஞ்சத்தூள் போட்டுகூட வெச்சிருப்பாங்க. இன்னும் என் காச ஏன் புடிச்சி வெச்சிகினு கீற?"

"நான் இல்ல!"

"உங்கள யாரு சொன்னா? உங்க கம்பெனிய சொன்னேன்."

அவளுக்கு அது வெறும் பணமில்லை. சதுரங்கப்பட்டினத்தில் அவள் அப்பா கங்காதரன் போட் வைத்திருப்பவர். வாயும் போட் அளவுக்குப் பெரியது. "வூட்டு தொக்க எவன் டப்பு குடுத்து வாங்குவான்?" என்று நடுக்கூடத்தில் சிரித்தவர். அந்த ரோஷத்தில்தான், வருகிற ஞாயிறு கங்கையம்மன் கோயில் ஆடிக்கூழ் முழுக்கத் தன் செலவு என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டு வந்திருந்தாள் ரஞ்சிதா. பேனரும் கட்டியாகிவிட்டது.

"கூழுக்கு நான் தரேன்" என்றான் தேவேந்திரன்.

"நீங்க குடுத்தா நைனா இன்னா சொல்லுவாரு? 'மாப்ள காசுல கூழு ஊத்திட்டு மார்தட்டறா'ன்னு சொல்லுவாரு. தொக்கு காசு வந்தாதான் கூழு. இல்லன்னா நானே போயி பேனர கழட்றேன்."

சொன்னால் செய்கிறவள்.

பொத்தானை அமுக்கியவனே போய் எடுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். முடியாது. நிறுத்தியவர் விடுவிக்கக் கூடாது, வேறொருவர் விசாரித்துத்தான் விடுவிக்க வேண்டும் என்று ஒரு விதி. அந்த விதியை எழுதி, கைதட்டல் வாங்கியவனும் அவன்தான்.

"ஒரு மனு போட்டா விட்டுருவாங்க. நான் எழுதித் தரேன்" என்றான்.

பிரமாதமாக எழுதினான். எந்த விதிப்படி நிறுத்தியது தவறு, எந்த உட்பிரிவுப்படி விடுவிக்க வேண்டும் என்று பிசிறில்லாமல் எழுதி, ரஞ்சிதாவின் விற்பனையாளர் நம்பரிலிருந்து அனுப்பினான். மறுநாள் அலுவலகத்தில் பார்த்திபன் நாற்காலியோடு உருண்டு வந்தான். இந்த வேலைக்கு அவனைத் தயார் செய்தவன் தேவேந்திரன்.

"ஜி, ஒரு தொக்கு கேஸ். மனுவ பாருங்க. நம்ம உள் விதி நம்பரெல்லாம் போட்டு எழுதிக்கீறாங்க. அது வெளிய யாருக்குமே தெரியாதே!"

"வக்கீலு யாராவது எழுதியிருப்பான்" என்றான் தேவேந்திரன்.

"வக்கீலுக்கு எப்டி ஜி தெரியும்? உள்ள ஆளு கீது. ரெண்டாவது பூட்டும் போட்டுட்டேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்!"

தேவேந்திரன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான். வேறு என்ன செய்வது?

இரண்டாவது பூட்டைத் திறக்க, பொருள் செய்யும் இடத்தின் படம் வேண்டும். அன்றைக்கே அலுவலகத்திலிருந்து நேராக ரஞ்சிதாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனான். மாமியார் வீட்டுச் சமையலறையில் ரஞ்சிதா எவர்சில்வர் குண்டானுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நிமிர்ந்து நின்றாள்.

"நீங்களும் வந்து நில்லுங்களேன்."

"ஐயோ, நான் வேணாம்!" என்று பதறி, போனுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டே படம் எடுத்தான்.

படம் போன மறுநாள் பார்த்திபன் உருண்டு வரவில்லை, ஓடி வந்தான்.

"ஜி! பாத்திரத்த பெருசாக்கிப் பாருன்னு சொல்லிக் குடுத்தீங்களே, பாத்தேன். குண்டான்ல ஒரு ஆளு தெரியிறான். மூஞ்சி கோணிகினு கீது, மூக்கு மட்டும் இம்மாம் பெருசு. ஆனா கழுத்துல பாருங்க, நம்ம கம்பெனி அடையாள அட்டை!"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. விஷயம் மேலாளர் பானுமதி காதுக்குப் போனது. அவர் தேவேந்திரனைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"நம்ம ஆபீஸ்ல ஒரு கறுப்பு ஆடு இருக்கு தேவேந்திரன். அதப் புடிக்க உங்களால மட்டும்தான் முடியும். உங்கள நெனச்சா எனக்கு எவ்ளோ பெருமையா இருக்கு தெரியுமா?"

"தேங்க்ஸ் மேடம்" என்றான் கறுப்பு ஆடு.

வீட்டுக்குப் போனால், "எதாவது சேதி வந்துச்சா?" என்று கேட்டாள் ரஞ்சிதா.

"விசாரிச்சுகினு கீறாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"கரையில மீன் ஏலம் எடுத்தா, மீன் கூடை எடுத்தவன் கைக்குப் போறதுக்குள்ள காசு நம்ம கைக்கு வந்துரும். நடுக்கடலுக்குப் போறவனே நம்பி யாவாரம் பண்றான். ஏசில ஒக்காந்துகினு இவனுங்களுக்கு இன்னாங்க பயம்?"

தேவேந்திரன் எழுந்தான். முதல்முறையாக டி.வி. பக்கத்திலிருந்த ஷீல்டைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவன் கறுப்பு ஆட்டைத் தேடுவதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தபோது, பானுமதி அறையிலிருந்து குரல் வந்தது.

"தேவேந்திரன், ஒரு நிமிஷம் வாங்க. அந்தத் தொக்கு மேடமே நேர்ல வந்திருக்காங்க!"

உள்ளே ரஞ்சிதா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பாட்டில். வாசல் பக்கம் முதுகைக் காட்டியபடி இருந்தாள்.

"உங்க பணத்த நிறுத்தினவரு எங்க டீம்லயே பெஸ்ட் ஆளும்மா" என்று பானுமதி அவளிடம் சொன்னார். "காரணத்த அவர் வாயாலயே கேளுங்க."

ரஞ்சிதா திரும்பினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக வலது கையைப் பார்த்தாள்.

"இந்தக் கையா?"

தேவேந்திரனுக்கு ஏதாவது பொய் சொல்லலாமா என்று தோன்றியது. ஆனால் அந்தப் புடவையையும் பாட்டிலையும் பார்த்தான். இவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் தனியாக நுழைந்து நியாயம் கேட்கிற தைரியம் தனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று நினைத்தான். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"மேடம், இவங்க என் சம்சாரம். நிறுத்தினவன் நான்தான். மனு எழுதினவனும் நான்தான். குண்டான்ல தெரியறவனும் நான்தான்."

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பார்த்திபன், "அதான் அந்த மூக்க எங்கியோ பாத்தா மாரி இருந்துச்சி" என்றான்.

பானுமதி கண்ணாடியைக் கழற்றினார். "முதல்ல எதுக்காக நிறுத்தினீங்க?"

"வாங்கினவங்க எல்லாம் புத்தம்புதுக் கணக்கு மேடம். அத்தன பேரும் அஞ்சு ஸ்டார். ஒருத்தர்கூட காரம் ஜாஸ்தி, உப்பு கம்மின்னு ஒரு வார்த்த சொல்லல. நெசமான மனுசனா இருந்தா எதாவது கொற சொல்லுவான். அதான் சந்தேகம் வந்துச்சி."

ரஞ்சிதா பாட்டிலை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். அறை முழுக்க இறால் மணம் பரவியது.

"கொற இருந்தாதான சொல்லுவாங்க? துன்னு பாருங்க மேடம். ஒரே ஒரு கொற சொல்லுங்க, அந்த டப்பு மொத்தத்தையும் நீங்களே வெச்சிக்கோங்க."

பானுமதியின் டிபன் பாக்சில் தயிர்சாதம் இருந்தது. ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். பார்த்திபன் கேன்டீனுக்கு ஓடி ரொட்டி வாங்கி வந்தான். வரவேற்பறைப் பெண்ணும் வந்தாள். பாட்டில் காலியாகும்வரை அங்கே ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை.

"பார்த்திபன், பணத்த விட்டுடுங்க" என்றார் பானுமதி கடைசியில். "இனிமே விக்கிறவங்கள ஒரு வார்த்த கேக்காம யாரும் ஹோல்டு போடக் கூடாது. கொற இல்லாததே குத்தம்னு சொன்னா நியாயமா இருக்கா?"

அங்கேயே ரஞ்சிதாவின் போன் மணியடித்தது. பணம் வந்துவிட்டது. அவள் கண் கலங்கியதைப் பார்த்துத் தேவேந்திரன் மேடம் பக்கம் திரும்பினான்.

"அந்தக் கழுகுக் கண் ஷீல்டுக்கு நான் லாயக்கில்ல மேடம். திருப்பிக் குடுத்துடறேன்" என்றான். அதெல்லாம் வேண்டாம் என்று மேடம் மறுப்பார் என எதிர்பார்த்தான்.

"திங்கட்கிழமை கொண்டாந்துடுங்க" என்றார் அவர்.

ரஞ்சிதா அவன் வண்டியிலேயே வீடு திரும்பினாள். வீட்டு வாசலில் இறங்கியதும், "அந்தச் சாபத்த வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாள். "நாளைக்கு நாஸ்தா துன்னணும்ல!"

ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினத்தில் கூழ் கொதித்தது. கருவாட்டுக் குழம்பு வாசனை கடற்கரைவரை போனது. 'கூழ் உபயம்: திருமதி ரஞ்சிதா தேவேந்திரன்' என்று பேனர் படபடத்தது. ரஞ்சிதா பெரிய அகப்பையோடு நின்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். கங்காதரன் தலைப்பாகையோடு பேனருக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம், "பாட்டில்ல போட்டு வித்தாளாம், நாலு பேரு ஏமாந்து வாங்கிக்கீறான்" என்று சலித்துக்கொண்டார். ஆனால் யாராவது பேனரைப் பார்க்காமல் போனால் கூப்பிட்டுக் காட்டினார்.

தேவேந்திரனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஷீல்டு போனால் போகிறது. தன் கண் தப்பு செய்தது, பெண்டாட்டி கை ஜெயித்தது. அந்தத் தோல்வியையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியலாம் போலிருந்தது. மூன்றாவது சொம்பு கூழைக் குடித்துவிட்டுக் கை கழுவக் கரையோரம் போட்டுகள் நிற்கிற பக்கம் போனான்.

மாமனார் போட்டில் வேலை செய்யும் ஆனந்தன் பின்னாலேயே வந்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தான்.

"அண்ணாத்த, நீ அந்தக் கூடைக்காரிலதான கீற? மொதலாளி எங்க எல்லாருக்கும் புதுசா போன் வாங்கிக் குடுத்து, தெனம் பொண்ணு தொக்கையே ஆர்டர் போடச் சொல்றாரு, அஞ்சு ஸ்டாரு குத்தலன்னா கூலி இல்லன்றாரு, போட்டெல்லாம் தொக்கு பாட்டிலா கெடக்கு, ஐஸு வெக்கக்கூட எடமில்ல... அந்த டப்ப இன்னொரு வாட்டி நிறுத்திவெய்யேன்!"