ஐந்து ஊருக்கு மட்டும் ஓடிய புரோகிராம்

மனப்பாடம் ஒரு வியாதி என்றால் நான் பிறவி நோயாளி. பள்ளியிலிருந்து கல்லூரி வரை 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்' தவிர வேறு எதையும் நான் தொட்டதில்லை. (அதற்கு மெடல் வேறு கொடுத்துத் தொலைத்தார்கள்.)

அந்த மெடலை நம்பி நாவலூரில் ஒரு கம்பெனி என்னைப் பயிற்சிக்கு எடுத்தது. பயிற்சியில் தேறாதவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். நானோ வேலையே கிடைத்துவிட்டதாக ஊரப்பாக்கத்தில் எங்கள் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்திருந்தேன்.

அன்றைய பயிற்சி இதுதான்: ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்தால், புரோகிராம் அதைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி எழுத வேண்டும். சோதித்துப் பார்க்க ஐந்து ஊர்களையும் அவற்றின் விடைகளையும் பக்கத்திலேயே கொடுத்திருந்தார்கள். விடையைக் கையில் கொடுத்த பிறகு யோசிப்பானேன்? நாவலூர் என்று கேட்டால் 'ருலவன்' என்று சொல் என்பது போல ஐந்தையும் அப்படியே எழுதிவைத்தேன். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஐந்துக்கும் பச்சை டிக். வகுப்பிலேயே முதல் ஆளாக சப்மிட் செய்துவிட்டு, மண்டையை உடைத்துக்கொண்டிருந்த மற்றவர்களைப் பரிதாபமாகப் பார்த்தேன்.

பயிற்சி கொடுத்த மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "ஸ்டீபன் ரொம்ப நேரமா திணறிட்டிருக்காரு. உங்களோடதை பெரிய ஸ்கிரீன்ல போட்டு, அவருக்குக் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்றார்.

ஸ்டீபன் கோவளத்துக்காரன். ஆசையாக எழுந்து வந்தான். "மச்சான், எங்க வூரைப் போட்டுப் பாக்கட்டா?"

"தாராளமா" என்றேன். (விதி.)

கோவளம் என்று தட்டினான். திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினான். அப்போதும் வரவில்லை.

"இன்னா மச்சான், எங்க வூரு மேல இன்னா கோவம் உனக்கு?"

மேடம் நான் எழுதியிருந்ததை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கோவளத்துக்கு ஏன் வரலை?"

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

"அது அவுட் ஆஃப் சிலபஸ், மேடம்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னேன்.

வகுப்பு சிரித்து அடங்கவே வெகுநேரமானது. ஜாங்கிரி தின்ற ஒவ்வொரு முகமும் கண்முன் வந்து போனது. மாலையில் மேடம் தனியாகக் கூப்பிட்டார்.

"கோடிங் உங்களுக்கு வேணாம். டெஸ்டிங் டீமுக்குப் போங்க. ஒரு புரோகிராமர் எதையெல்லாம் யோசிக்காம விடுவான்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

அப்படித்தான் வேலை தப்பியது. இன்றுவரை அடுத்தவர்கள் யோசிக்காமல் விட்டதைக் கண்டுபிடித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

கல்யாணமாகி, மனைவிக்கு இரட்டைக் குழந்தைகள் என்று ஸ்கேனில் சொன்னார்கள். பையனுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர் என்று தயார் செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் நின்றேன். நர்ஸ் வெளியே வந்து, "ரெண்டும் பொண்ணு சார்" என்றார். உள்ளே போய் மூத்தவளுக்கு யாழினி என்று சொல்லிவிட்டேன். அடுத்தவளைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன்.

அந்த வலியிலும் மனைவி கேட்டாள்: "ஏங்க, இவ சிலபஸ்ல இல்லியா?"

பள்ளிக்கூடத்தில் சின்னவள் பெயர் மகிழினி. வீட்டில் 'சிலபஸ்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறாள்.