இழுத்து வருகிறவருக்கே வழி

"அண்ணே, மூக்குக்கு மூக்கா வருது! ஒதுங்குங்க!" என்று இன்ஜின்காரர் கத்தினார்.

"நான் எதுக்கு ஒதுங்கணும்? அவ ஒதுங்கட்டும். சட்டம் அப்படித்தான் சொல்லுது."

இழுவைப் படகை ஓட்டிய அவருக்கு ஆற்றில் 'சட்டம்' என்றே பெயர். எதிரே பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது இரண்டடுக்குப் பயணிகள் படகு. அதை ஓட்டுவது அவருடைய மனைவி.

இருவரும் பேசி நாலு நாளாகிறது. ஓர் அலமாரியை அறைக்குள் கொண்டுபோகும்போது அது வாசற்படியில் சிக்கிக்கொண்டது. "நீ பின்னாடி போ" என்றார் இவர். "நீங்க போங்க" என்றாள் அவள். அலமாரி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. இருவரும் ஒருக்களித்தபடி அறைக்குள் போய் வருகிறார்கள்.

இன்ஜின் இல்லாத தட்டைப் படகான மணல் பார்ஜை, அதன் காவலாளியோடு, அவர் நீளக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார். பின்னால் பனி அடர்த்தியாக இருந்ததால், கயிறு தண்ணீருக்குள் இறங்கும் இடம் வரைதான் தெரிந்தது. வழியில் ஒரு தீவைச் சுற்றி ஆறு இரண்டாகப் பிரிந்து, மறுபடி ஒன்றுசேரும். ஒரு பக்கம் குறுக்கு வழி, ஆனால் தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடும். அவர் எப்போதும் போல ஆழமான சுற்று வழியில்தான் வந்தார். இன்றைக்குப் படகு வழுக்கிக்கொண்டு போனது.

"பாரம் இழுக்கிற மாதிரியே இல்லண்ணே" என்று இன்ஜின்காரர்கூடச் சொன்னார்.

"எல்லாம் ஓட்டுற கையில இருக்கு" என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

இப்போது ஹாரனை அழுத்தினார். ஒரு நீளம், இரண்டு குட்டை. பனியில் 'இழுத்துக்கொண்டு வருகிறேன்' என்பதற்கு அதுதான் அடையாளம்.

எதிரிலிருந்தும் அதே மாதிரி ஒரு நீளம், இரண்டு குட்டை வந்தது.

"பாத்தீங்களா, என்னையே பழிச்சுக் காட்டறா!"

வயர்லெஸ்ஸை எடுத்தார். பேசியது அந்தப் படகில் டிக்கெட் கொடுக்கும் பெண்.

"அண்ணே, அக்காவால திரும்ப முடியாதாம். நீங்கதான் ஒதுங்கணுமாம்."

"இழுத்துட்டு வர்றவனுக்குத்தான் வழின்னு உங்க அக்காகிட்ட சொல்லும்மா."

அந்தப் பெண் அக்காவிடம் கேட்டுவிட்டு வந்தாள். "சும்மா இழுத்தா போதாதாம். திரும்ப முடியாதுன்னு அடையாளம் கட்டியிருக்கணுமாம். அது எங்கேன்னு கேக்கறாங்க. அப்புறம் அண்ணே, எங்களுக்குப் பின்னாடி..."

"எனக்குப் பின்னாடியும்தான் இருக்கு!" என்று வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டார்.

அடையாளம் என்பது கம்பத்தில் தொங்கவிட வேண்டிய மூன்று கறுப்பு உருவங்கள். மேலே ஓர் உருண்டை, நடுவில் சாய்சதுரம், கீழே இன்னோர் உருண்டை. வர்ணம் மங்கிப்போனதென்று போன வாரம் வீட்டுக்குக் கொண்டுபோனவர், திரும்ப எடுத்து வர மறந்துவிட்டார்.

சட்டத்துக்கே சட்டமா? சுற்றுமுற்றும் பார்த்தார். தன்னுடைய ஹெல்மெட் ஒன்று, இன்ஜின்காரருடையது ஒன்று. இரண்டும் கறுப்பு. உருண்டைகள் கிடைத்துவிட்டன. நடுவில் சாப்பாட்டுப் பையை ஒரு மூலையைப் பிடித்துக் கட்டினால் சாய்சதுரம்!

கயிற்றை இழுத்தார். ஹெல்மெட், பை, ஹெல்மெட் என்று கம்பீரமாக மேலே ஏறின. பாதி தூரத்தில் பையின் வாய் திறந்துகொண்டது. டப்பா மூடி ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம். குழம்பு முழுதும் இன்ஜின்காரர் தலையில்.

"அண்ணே, என் ஹெல்மெட் தலையில இருந்திருந்தா இது நடந்திருக்குமா?"

அவருக்குச் சுருக்கென்றது. பேசாத இந்த நாலு நாளும் மனைவி கட்டிவைக்கும் அந்தப் பை ஒரு வேளைகூடத் தவறியதில்லை. பேசாமல் ஒதுங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். கை சக்கரத்தைத் திருப்பவும் பார்த்தது.

அதற்குள் எதிர்ப்படகின் மேல்தட்டில் பயணிகள் எல்லோரும் எழுந்து நின்று கையை ஆட்டினார்கள். எதையோ சுட்டிக்காட்டிக் கத்தினார்கள். அவர் கண்ணுக்கு அது கேலியாகத்தான் பட்டது. இத்தனை பேர் முன்னால் ஒதுங்கினால் நாளைக்குப் படித்துறையில் முகத்தைக் காட்ட முடியுமா?

"இன்ஜினை நிறுத்துங்க!" என்றார். "அவ எப்படித் தாண்டிப் போறான்னு பாத்துடறேன்."

"ஐயோ, நின்னா பார்ஜு வந்து நம்ம முதுகுல ஏறிடுமேண்ணே!"

அது உண்மைதான். ஆனால் சொன்ன வாயை மூட முடியுமா? இன்ஜின் நின்றது. படகு மெல்லத் திரும்பி ஆற்றுக்குக் குறுக்காக அடைத்துக்கொண்டது. இருவரும் கம்பியை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, பின்னாலிருந்து வரப்போகும் இடிக்குக் காத்திருந்தார்கள்.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். இடி வரவே இல்லை.

"பாத்தீங்களா?" என்று அவர் கண்ணைத் திறந்தார். "பார்ஜுகூட என் பேச்சைக் கேக்குது. வீட்டுலதான் யாரும் கேக்கறதில்ல."

பயணிகள் படகு வேகத்தைக் குறைத்து, கல்லெறி தூரத்தில் தத்தளித்தபடி நின்றது. ஓட்டுநர் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் மனைவி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தோற்றுப்போன முகம் அது என்று இவர் முடிவு செய்தார்.

அப்போது அந்தப் படகுக்குப் பின்னாலிருந்து, பனிக்குள்ளிருந்து, தெரிந்த குரல் ஒன்று கேட்டது. மணல் பார்ஜின் காவலாளி. இவன் எப்படி அந்தப் பக்கம் போனான்?

"அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க! கயிறு அந்துபோய் குறுக்கு வழியில அடிச்சுட்டுப் போன உங்க பார்ஜைப் புடிச்சு, உங்ககிட்ட சேர்க்கத்தான் அண்ணி இழுத்துட்டு வர்றாங்க!"