சம்பந்தி விழுந்த குளியலறைக்கு டைல்ஸ் கட்டர் வாங்கிய வகை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே குளியலறை நீங்கலாக அனைவரும் நலம். அங்கே உங்கள் இடுப்பின் நலத்தை முதலிலும், வீட்டார் நலத்தை அடுத்தும் அறிய விரும்புகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை நீங்கள் இருவரும் வருவதாக இருக்கிறீர்கள். இன்னும் பத்து நாள் பொறுத்து வர வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். இப்படிக் கேட்பது நான்காவது முறை என்பதை நான் மறக்கவில்லை. நேற்று உங்கள் மருமகள் தொலைபேசியில், "அப்பா, மாமா ரெண்டு நாளா என்கிட்ட பேசவே இல்ல. நாம வர்றது அவங்களுக்குப் பிடிக்கலையோன்னு அத்தைகிட்ட கேட்டாராம். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவருக்குத் தண்ணி கொண்டு போய்க் குடுக்கறது?" என்றாள். பெற்றவன் தலை குனிந்தால் போகட்டும், பெண் ஏன் குனிய வேண்டும்? ஆகவே நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சென்ற முறை நீங்கள் எங்கள் குளியலறையில் விழுந்தபோது, "இந்தத் தரைதான் காரணம், இதைப் பெயர்த்துவிட்டு வழுக்காத டைல்ஸ் போட்ட பிறகுதான் உங்களை அழைப்பேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பிழை என் வீட்டில் நேர்ந்தது, பரிகாரமும் என் கையால் நடக்கட்டும் என்று தோன்றிவிட்டது. சுவரோரத்தில் பதினெட்டு டைல்ஸை மட்டும் வெட்டிப் போட வேண்டும். எந்தக் கருவியால் வெட்டுவது என்பதில் ஏழு வாரம் போயிற்று. தண்ணீர் தெளித்துக்கொண்டே வெட்டும் மின்சாரக் கருவி ஒன்று. தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் என்று படித்ததுமே அதை நோட்டில் அடித்துவிட்டேன். கொத்தனார்கள் கையில் பிடிக்கும் வட்டத் தகட்டு மெஷின் மற்றொன்று. கடையில் அதை ஓட்டிக் காட்டியபோது இரண்டடி பின்வாங்கி, பின்னால் இடிபட்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். திரும்பிப் பார்த்தால் அது ஒரு வாஷ்பேசின். மூன்றாவது, சக்கரத்தால் கோடு கிழித்துக் கைப்பிடியை அழுத்தினால் டைல்ஸ் கோட்டோடு இரண்டாகும் கைக் கருவி. சத்தமில்லை, தூசியில்லை. ஏழாவது முறை போனபோது கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "சார், மாப்பிள்ளை பாக்கறதுக்குக்கூட யாரும் இத்தனை தடவை வரமாட்டாங்க" என்றார். உண்மைதான். உங்கள் மகனை நாங்கள் ஒரே மாலையில் முடிவு செய்தோம், அதில் ஒரு குறையும் வரவில்லை.

கடையில் வழவழப்பான டைல்ஸில் சோதித்துப் பார்த்துக் கைக் கருவியை வாங்கி வந்தேன். வீட்டில் இருந்ததோ உங்கள் கால் வழுக்கக் கூடாதென்று தேடி எடுத்த சொரசொரப்பான டைல்ஸ். சக்கரம் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் விழுந்து, கோடு ஒரு பக்கம் போக உடைசல் ஒரு பக்கம் போக, முதல் ஆறு நாசம். உடைந்ததை வாளியில் அள்ளிக்கொண்டே என் மனைவி, "இருபத்திரண்டு வருஷமா யாரும் விழாத தரை. அது உங்கள என்னங்க பண்ணுச்சு?" என்றாள். நான் அடுத்த டைல்ஸைக் கையில் எடுத்தேன். ஒன்றுக்கு அரை மணி என்று பொறுமையாகப் பதினெட்டையும் வெட்டி முடித்தேன். முப்பத்தோரு ஆண்டு நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டவன் அல்லவா, எது எங்கே என்று ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீஸால் எண் எழுதினேன். பிறகு, பதிக்குமுன் ஊற வைக்க வேண்டும் என்று படித்தபடி அத்தனையையும் வரிசையாகத் தண்ணீரில் அடுக்கினேன். எடுத்துப் பார்த்தா ஒண்ணுலயும் எண் இல்ல. எங்க வச்சாலும் ஒரு விரல் கூடுது, இல்லேன்னா ஒரு விரல் குறையுது. மூணு நாளா மாடி வீட்டுக்குப் போய்க் குளிக்கறோம். துண்டும் கையுமா மாடிப்படி ஏறுறப்ப அந்த வீட்டுக்காரர், "இன்னிக்காவது முடிஞ்சிருமா ஐயா?"ன்னு கேக்கறார். படியை எண்ணுற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கறேன்.

உங்கள் வருகை எங்களுக்கு என்றுமே பாரமல்ல. சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் உங்கள் மருமகளுக்கும் ஆசிகள்.

இப்படிக்கு,
நிமிர்ந்து பார்க்க முடியாத
உங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே எழுதியதை மூன்று முறை படித்துப் பார்த்தேன். தரையைப் பற்றிச் சொன்னது தவிர எல்லாம் உண்மை. அன்று உங்களுக்கு முன்னால் குளித்தவன் நான். சோப்பு கை நழுவி விழுந்தது. கண்ணாடி இல்லாமல் தேடியதில் அகப்படவில்லை, அப்படியே வந்துவிட்டேன். உங்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போன பிறகு, "தரையைப் பார்க்கிறேன்" என்று உள்ளே நின்றவனும் நானே. உங்கள் குதிகால் பதிந்த அந்தப் பச்சைச் சோப்பு, தேதி எழுதிய காகிதத்தில் சுற்றி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கொத்தனாரை வரச் சொல்லிவிட்டேன், அரை நாள் வேலை என்கிறார். வெள்ளிக்கிழமையே வாருங்கள். சோப்பை உங்கள் கையில் ஒப்படைக்கிறேன். அதன்பின் என்னோடு பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. மருமகளிடம் மட்டும் இன்றே பேசிவிடுங்கள்.