ஆபீசர் சாப்பிட்டாச்சு

பூண்டு உரித்துக்கொண்டே எழுதுகிறேன். கை நாறுகிறது. காகிதம் முகம் சுளிக்காது என்கிற தைரியம்தான்.

இந்த வீட்டில் என் பேச்சுக்குக் காது கொடுப்பது ஆபீசர் மட்டும். ஆபீசர் எங்கள் நாய். டயர் கடையில் எல்லாரும் என் வீட்டுக்காரரை விரட்டுகிறார்கள். தான் விரட்டவும் ஒரு ஆபீசர் வேண்டுமென்று அவர் வைத்த பெயர். பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அவருக்கு வீட்டுக்கு வந்தால் பேச்சு வராது.

அவர் ஒரு தரம் கை தட்டினால் டீ வர வேண்டும். இரண்டு தரம் தட்டினால் பின்னங்காலில் ஆட வேண்டும். "டுமீல்" என்றால் செத்து விழ வேண்டும். டீ மட்டும்தான் நான், மற்றதெல்லாம் ஆபீசர்.

போன ஞாயிற்றுக்கிழமை கடை முதலாளியும் கூட வேலை செய்கிறவர்களும் வருவதாக இருந்தது.

"இன்னிக்கு அசத்திடணும். அவங்க வர்ற வரைக்கும் அதுக்கு ஒண்ணும் வைக்காதே."

"பாவங்க. காலையிலேருந்து வெறுந்தட்டை நக்கிட்டுக் கிடக்கு."

"வயிறு நிறைஞ்சா வித்தை வராது. பசியில பிஸ்கட்டைக் காட்டினாத்தான் ஆடும்."

"அப்ப ஆடுறது அதுவா, பசியா?"

"சந்தோஷம்டி. வாலை ஆட்டுது பாரு."

"விருந்தாளி வந்தா நானுந்தான் சிரிக்கிறேன்."

அது அவர் காதில் ஏறவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

என் பங்குச் சோற்றையும் சேர்த்துப் பிசைந்து வைத்தேன். ஆபீசர் தட்டைத் துடைத்துவிட்டு, என் கால்மேல் தலை வைத்துப் படுத்தது. என்னிடம் எதுவும் கேட்காமல் ஒரு உயிர் என் பக்கத்தில் இருந்து எவ்வளவு நாளாச்சு.

வந்தார்கள். இரண்டு தரம் தட்டினார். ஆபீசர் ஒரு கண்ணைத் திறந்தது. பிஸ்கட்டைக் காட்டினார். திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டது.

"என்னப்பா, ஆபீசர் லீவா?" என்றார் முதலாளி.

"மறந்திருக்கும் முதலாளி. செஞ்சு காட்டினா ஞாபகம் வந்துடும்."

இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே மடக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிக் குதித்தார். "டுமீல்" என்று அவரே சொல்லிக்கொண்டு, கால் இரண்டையும் தூக்கி மல்லாந்து விழுந்தார். முதலாளி அந்தப் பிஸ்கட்டை அவர் வாயில் வைத்தார். மற்றவர்கள் போனில் படம் பிடித்தார்கள். ஆபீசர் எழுந்து வந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டியது.

எல்லாரும் போனபிறகு கேட்டார். "நீதானே சோறு வச்ச?"

"உங்களுக்கும் வச்சிருக்கேன். வாங்க, பசியோட ஆடியிருப்பீங்க."

இப்போதெல்லாம் கடையில் யாராவது இரண்டு தரம் தட்டினால் எல்லாரும் இவரைத்தான் பார்க்கிறார்களாம். வீட்டில் கை தட்டுவதையே விட்டுவிட்டார். அடுப்படி வாசலுக்கு வந்து, "ஏம்மா, கொஞ்சம் டீ கிடைக்குமா?" என்கிறார். எங்களுக்குள் பேச்சு என்றால் இப்போதைக்கு அவ்வளவுதான். அதோ, வந்து நின்று கூப்பிடுகிறார். ஆபீசர் தட்டு காலியாக இருக்கிறது, முதலில் அதற்குப் போட்டுவிட்டு...