ரம்பத்துக்கு நாடி பார்த்த கம்பவுண்டர்

தர்மபுரியில் வியாதி இல்லாத மனிதர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் எங்கள் கம்பவுண்டர் கண்ணில் வியாதி இல்லாத சாமான் என்று ஒன்று கிடையவே கிடையாது. பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் மிக்சர் கலக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவார். வந்ததும் கதவுக் கீலுக்கு மூட்டுவாதம், கிணற்று ராட்டினத்துக்கு இளைப்பு, சுவர்க் கடிகாரத்துக்குப் படபடப்பு என்று கண்டுபிடித்து வைத்தியத்தில் இறங்கிவிடுவார். டாக்டர் கழித்துப்போட்ட ஸ்டெதஸ்கோப் ஒன்று எந்நேரமும் கழுத்தில் தொங்கும். ஒருநாள் என் சைக்கிளுக்கே அதை வைத்துப் பார்த்து, "கடுமையான ரத்தசோகைங்க வாத்தியாரே!" என்றார். டியூபில் காற்று இல்லை, அவ்வளவுதான்.

நான் அப்போது ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். அவர் வீட்டை ஒட்டிய போர்ஷனில் குடியிருந்தேன். யுத்தம் வருவதற்குச் சற்று முந்திய காலம். சேலத்தில் ஒரு மரவாடியை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினார் மனிதர். திரும்பும்போது மொரப்பூரில் சின்ன ரயில் ஏறி, சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய வட்ட ரம்பம் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

அப்புறம் என்ன, கொல்லைப்புறம் தொழிற்சாலையாகிவிட்டது! கனமான மேஜை ஒன்றைச் செய்து, நடுவில் பிளவு விட்டு, ரம்பத்தின் ஒரு பாதி மேலே தெரியும்படி மாட்டினார். எங்கோ துருப்பிடித்துக் கிடந்த ஆயில் என்ஜினைக் கொண்டுவந்து தோல் பெல்ட் பூட்டினார். பலகை கோணாமல் போவதற்கு மேஜைமேல் அணைவாக ஒரு கட்டை. என்ஜின் கிளம்பினால் என் சமையலறை டம்ளரெல்லாம் தானாக நடக்கும்.

இத்தனையும் எதற்கு? ஓர் அலமாரிக்கு. கம்பவுண்டரம்மா பாலக்கோட்டுப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். மகள் துணிமணி வைத்துக்கொள்ள அலமாரி வேண்டுமென்று, சொந்த நிலத்துத் தேக்கை வெட்டிப் பலகையாக்கிக் கொடுத்திருந்தார் அந்தம்மாவின் அப்பா. பொங்கலுக்கு வந்து பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

முதல்நாள் கம்பவுண்டர் வேப்பந்துண்டு ஒன்றை ரம்பத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். வெண்ணெயாக அறுத்தது. அடுத்த துண்டு மட்டும் சட்டென்று பின்னால் எகிறி அவர் கட்டைவிரலைச் சிராய்த்துக்கொண்டு போனது. அவர் சிரித்தார். அந்தம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வழக்கம் ஏற்பட்டது. அவர் ரம்பத்தைக் கழற்றிப் பல்லுக்கு அரம் போடுவார். அந்தம்மா அதன் நடுவில் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுக் கொடுத்த பிறகுதான் திரும்ப மாட்டலாம்.

சில வாரம் கழித்துத் தேக்கில் கை வைத்ததும் தொடங்கியது சனியன். அறுப்பு கோணிக்கொண்டு போனது. ஓரமெல்லாம் கருகிப் புகைந்தது. கம்பவுண்டர் அச்சுக்கு ஸ்டெதஸ்கோப் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

"நாடி தடுமாறுதுங்க வாத்தியாரே. உள்ளாற சூடு."

சூட்டுக்கு விளக்கெண்ணெய் ஊற்றினார். பெல்ட்டுக்கு நரம்புத் தளர்ச்சி என்று அறுத்துத் தைத்தார். மேஜைக் காலுக்கு எலும்பு முறிந்தவனுக்குப் போடுவதுபோல மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு பலகை பலியானது. அலமாரி பெஞ்சாகச் சுருங்கிற்று, பெஞ்சு பாத்திரத் தட்டாகச் சுருங்கிற்று. கடைசியில், "மெசினு மேல தப்பில்ல. உங்கப்பன் குடுத்தது பச்சை மரம்!" என்றார்.

"பச்சை மரமா? வருசக்கணக்கா வூட்டுல காயப்போட்டு வெச்ச மரங்க அது! அத்தனையையும் மெசினுக்குத் தின்னக் குடுத்துப்போட்டு மரத்து மேலயா பழி போடறீங்க?"

அன்று அவருக்குக் குழம்பில்லாத களிதான் கிடைத்தது.

பொங்கல் நெருங்கியபோது அந்தம்மா என் வாசலில் வந்து நின்றார். "வாத்தியாரே, நீங்களாச்சும் வந்து பாருங்க. ஒரே ஒரு பலகைதான் கெடக்குது. அதுவும் போச்சுன்னா எங்கப்பன் முன்னாடி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?" கண் கலங்கியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்தது அளப்பது ஒன்றுதான். ரம்பத்தின் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி வைத்து, அணைவுக் கட்டைக்கும் அதற்கும் உள்ள தூரத்தை அளந்தேன். கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் அங்கேயும் அளந்தேன். சரியாக இருந்தது. அப்படியானால் கட்டை கோணவில்லை. பின்னே எதுதான் கோணல்? கம்பவுண்டருக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஒரு தீக்குச்சியை ரம்பத்தின் பக்கவாட்டில் தொட்டாற்போல் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றினார். ஓரிடத்தில் உரசியது, எதிர்ப்புறம் விலகியது.

"அட, ரம்பமே தலையாட்டுதுங்க!"

வளைந்துவிட்டதோ என்று கழற்றிச் சமமான கல்லின்மேல் வைத்துப் பார்த்தோம். வளைவே இல்லை. கம்பவுண்டர் ரம்பத்தைத் திருப்பினார். நடுத் துவாரத்தின் ஓரத்தில், நட்டுக்கு அடியிலுள்ள வட்டத் தகடு வந்து அழுந்துகிற இடத்தில், ஒரு பக்கமாக ஏதோ தடித்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். சந்தனம்! வாராவாரம் வைத்த பொட்டு காய்ந்து கல்லாகி, ரம்பத்தை ஒரு பக்கம் தூக்கிவிட்டிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கூப்பிடுங்க அம்மாவை!" என்றேன். அவர் பாய்ந்து என் வாயைப் பொத்தினார்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போவுது, சும்மா இருங்க. என் வெரல் போயிடக் கூடாதுன்னு வெச்ச பொட்டுங்க அது. அதாலதான் அவங்கப்பன் குடுத்த மரமெல்லாம் போச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டாளுங்க."

ரம்பத்தைத் துடைத்து மாட்டினார். கடைசிப் பலகை புகையில்லாமல், நூல் பிடித்த மாதிரி அறுபட்டது. சத்தம் மாறியதைக் கேட்டு அந்தம்மா ஓடி வந்தார்.

"மரத்துல தப்பில்ல, மெசினுலயும் தப்பில்ல," என்றார் கம்பவுண்டர், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான்தான் நட்டை ஒழுங்கா முறுக்காம விட்டுப்போட்டேன்."

"அடப் பாவி மனுசா! இதை முன்னாடியே பார்த்திருந்தா என் அலமாரி மிஞ்சியிருக்குமே!" தெரு முழுக்கக் கேட்டது. அவர் குனிந்து மரத்தூளைக் கூட்டத் தொடங்கினார். பொங்கலுக்கு மாமனார் வந்தபோது மிஞ்சிய பலகையில் செய்த மணையைப் போட்டு உட்காரவைத்து, "எல்லாம் என் கைக்கோணலுங்க மாமா" என்று அவரிடமும் அதே பொய்யைச் சொன்னார். மாமனார் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அடுத்த மரம் வெட்டும்போது பார்க்கலாம் என்றார். அப்போதுதான் அந்தம்மாவின் முகத்தில் உயிர் வந்தது.

மறு வெள்ளிக்கிழமை அந்தம்மா வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தோடு கொல்லைக்கு வந்தார். எனக்குத் திக்கென்றது. கம்பவுண்டர் ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"தப்பு பண்ணுனது நான்தானே? இனிமே பொட்டை எனக்கே வெச்சுடு" என்று குனிந்து நெற்றியைக் காட்டினார்.

அந்தம்மா சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். நெற்றி நிறையச் சந்தனத்தோடு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார் பாருங்கள், அந்த மனுஷனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.