நீர்வேலி வலதுசாரி

கிணற்றடி மோட்டர்க் கொட்டிலின் கதவில் புதுப் பூட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கனகசபாபதி அதை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. திரும்பித் தன் வாழைகளைப் பார்த்தார். ஆவணி வெயிலில் இலைகளெல்லாம் மடிந்து தொங்கின. எல்லாம் குலை தள்ளிய மரங்கள். நல்லூர்த் தேருக்கு வெட்டவேண்டிய குலைகள். இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் கிடைக்காவிட்டால் காய் முற்றாமல் வெம்பிவிடும், பிறகு மாட்டுக்குத்தான் போடலாம்.

"ஐயோ, மனிசன் பூட்டிப்போட்டான்!" என்று தலையில் கை வைத்தார்.

மனிசன் என்றது பக்கத்துக் காணி மணியத்தாரை. முழுப்பெயர் சிவசுப்பிரமணியம். நீர்வேலி ஊர் விவசாயிகளின் கமக்காரர் சங்கத்துக்குத் தலைவர். எப்போது தலைவரானார் என்பது சங்கத்துக்கே மறந்துபோயிருந்தது. கிணறு இருவருக்கும் பொது, மோட்டரும் பொது. வேறு யார் பூட்டுவது?

ஏன் பூட்டினார் என்பதும் கனகசபாபதிக்கு உடனே விளங்கிவிட்டது. எல்லாம் அமெரிக்காவால் வந்த வினை.

கனகசபாபதி 'வொஷிங்டன் வாசல்' என்று யூடியூப்பில் ஒரு சனல் நடத்துகிறார். வருகிற கார்த்திகையில் அமெரிக்கக் காங்கிரசுத் தேர்தல் அல்லவா? அதைப் பற்றி ஒவ்வொரு நாளும் விடிய ஆறு மணிக்கு நேரலை. இங்கே விடியும்போது அங்கே ரெக்சாஸ், நியூஜெர்சித் தமிழர்கள் வேலை முடிந்து சோற்றுக் கோப்பையோடு குந்தும் நேரம். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கதைத்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கொழும்புக்கு அப்பால் போனதில்லை; ஆனால் ஐயோவாச் சோளக் கமக்காரனுக்கு என்ன கவலை என்று கேளுங்கள், ஏதோ நேற்று அவனோடு தேத்தண்ணி குடித்தவர் போலச் சொல்லுவார்.

அவர் அசல் வலதுசாரி. ஒளித்து மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "மாநிலத்துக்கு அதிகாரம் வேணும், தலைநகரம் எங்களிலை கைவைக்கக் கூடாது எண்டு கேக்கிறவனுக்கு அமெரிக்காவிலை வலதுசாரி எண்டு பேர். இஞ்சை கேட்டால் என்ன பேர் எண்டு உங்களுக்கே தெரியும்!" என்று அவர் ஒருநாள் சொன்னபோது, ரொறன்ரோவில் ஒருவர் எழும்பி நின்று கைதட்டியதாக எழுதியிருந்தார். நியாயம்தானே! எனக்கும் தட்டவேண்டும்போலத்தான் இருந்தது.

மனிதர் ஊர் உலகத்தை அலச, வாழையும் தன்பாட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. ரெக்சாஸ் நேயர் ஒருவர், "ஐயா, ஒருவரிடமும் கையேந்தாத உங்கள் தோட்டத்தை எங்களுக்குக் காட்டுங்கோ" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்தே நேரலை என்று இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு இடம் பார்க்கப் போன இடத்தில்தான் இந்தப் பூட்டு.

வீட்டுக்கு ஓடிவந்தார். மனைவி உதயகலா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேரும், மணியத்தார் மோட்டரைப் பூட்டிப்போட்டார்!"

"அப்பிடியே?"

"போன கிழமை மெக்சிக்கோ எல்லையைப் பற்றிக் கதைச்சனான். வேலியில்லாத வளவு வளவே இல்லை, இரவோடை இரவா வேலிக் கதியாலைப் பிடுங்கி அங்காலை நடுறவனை ஆரும் பொறுக்கமாட்டினம் எண்டு சொன்னனான். மனிசன் அப்பதான் வேலி அடைச்சு முடிச்சவர். தனக்குத்தான் சொன்னது எண்டு நினைச்சிட்டார்."

"போய்க் கேளுங்கோவன்."

"நானோ? வலதுசாரி ஒருத்தன் தன்ரை உரிமையைக் கெஞ்சிக் கேக்கிறதோ? உமக்கு உந்த அரசியல் விளங்காது."

"ஓமோம்" என்று உதயகலா அடுத்த பாதித் தேங்காயை எடுத்தாள்.

மறுநாள் விடிய நேரலையில் கனகசபாபதி விளக்கம் கொடுத்தார். "நேயர்களே, நான் கதைக்கிறது முழுக்க அமெரிக்காவைப் பற்றி. நீர்வேலியிலை இருக்கிற ஒருத்தரையும் நான் குறிப்பிடேல்லை. முக்கியமா, வேலி அடைச்ச ஒருத்தரையும் குறிப்பிடவே இல்லை."

அதுவரைக்கும் நீர்வேலியில் ஒரு குஞ்சுக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க டேப்பும் கையுமாக வேலி அளந்தது. மணியத்தார் சைக்கிளில் போகும்போது இவரைக் கண்டு மற்றப் பக்கம் பார்த்துக் காறித் துப்பினார்.

"பாத்தீரோ? குற்றமுள்ள நெஞ்சு!" என்றார் கனகசபாபதி மனைவியிடம்.

"வாழை வாடுது" என்றாள் அவள்.

சரி, ஆளைக் கொஞ்சம் குளிர்விப்போம் என்று அடுத்த நாள் மூத்த செனட்டர்களைப் புகழ்ந்தார். "பழம் தின்று கொட்டை போட்டவை. வயசு ஒரு குறையோ? அனுபவசாலி கதிரையிலை இருந்தால்தான் நாடு ஆடாமல் இருக்கும்."

நிகழ்ச்சி முடிய முதலே படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பார்த்தீபன். ஊர் இளம் கமக்காரர்களின் தளபதி. முகம் சிவந்திருந்தது.

"அண்ணை, என்ன இது? உங்களை நம்பித்தானே சங்கத்திலை மணியத்தாருக்கு எதிரா நாங்கள் ஆள் சேர்த்தனாங்கள்! இப்ப நீங்களே கிழவரைத் தூக்கிப் பிடிக்கிறியள்!"

"தம்பி, நான் சொன்னது செனட்டை!"

"அதுதானே! சங்கத்துக்கு நீங்கள் வைச்ச பேர் செனட் எண்டு எங்களுக்குத் தெரியாதே?"

"ஐயோ, செனட் எண்டால் செனட்டடா!"

"எவ்வளவு கெட்டித்தனமாக் கதைச்சனீங்கள் அண்ணை. ஒவ்வொரு சொல்லும் வெட்டுக்கத்தி. இப்ப விலைபோயிட்டியள்." அவன் கண் கலங்கியது. உண்மையிலேயே கலங்கியது. கனகசபாபதிக்கு நெஞ்சு சுட்டது. இவ்வளவு அன்பான நேயர் பக்கத்து ஒழுங்கையில் இருந்தது அவருக்கு அதுவரை தெரியாது.

இனி ஆட்களைப் பற்றியே கதைப்பதில்லை என்று முடிவெடுத்தார். மூன்றாம் நாள் வாக்காளர் அட்டை. அது ஒருவரையும் குத்தாத விசயம் அல்லவா?

"வாக்குப்போட வாறவன் அடையாள அட்டையைக் காட்டவேணும். நாங்கள் இஞ்சை காட்டுறம், கை தேஞ்சே போச்சு? செத்தவையின்ரை பேரைப் பட்டியலிலை இருந்து வெட்டவேணும். அவையை நிம்மதியா இருக்க விடுங்கோ!"

சங்கச் செயலாளர் அருட்செல்வனின் அழைப்பு உடனே வந்தது. "அண்ணை, என்ரை அப்பா செத்தவர்தான். பேர் இன்னும் சங்கப் பட்டியலிலை இருக்குதுதான். அதை அமெரிக்கா வரைக்கும் சொல்லவேணுமோ?"

"எனக்கு உது தெரியவே தெரியாது!"

"தெரியாமல்தான் ரெக்சாசுக்குச் சொன்னனீங்களோ? இருங்கோ, ஞாயிற்றுக்கிழமை வாறன்."

கனகசபாபதி தொலைபேசியை வைத்துவிட்டுக் குந்தினார். ஊரில் பாதி கோபம், மீதி சந்தேகம். அதைக்கூடத் தாங்கலாம். ஒரு பக்கத்தால் வாழை சரியத் தொடங்கியிருந்தது. நிமிர்ந்து நிற்கவேண்டிய மரம் ஒன்று குலையோடு மண்ணில் கிடந்ததைப் பார்த்தபோது மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. அமெரிக்காவில் யார் வென்றாலென்ன தோற்றாலென்ன என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்தும் விட்டார்.

ஞாயிறு விடிந்தது. வாக்குக் கொடுத்தாயிற்றே, மாறக்கூடாது. வாழைத் தோட்டத்தில் தடி நட்டுத் தொலைபேசியைக் கட்டினார். ரெக்சாஸ் வந்தது, நியூஜெர்சி வந்தது, ரொறன்ரோ வந்தது. படலை கிரீச்சிட நீர்வேலியும் வந்தது. முன்னால் மணியத்தார், பின்னால் அருட்செல்வன், தள்ளி ஒரு பக்கமாகப் பார்த்தீபன். உதயகலா கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கனகு!" மணியத்தார் கத்தினார். "ஒரு கிழமையா என்னை வைச்சு உலகத்துக்குப் பகிடி காட்டுறாய். என்ரை வேலி ஒரு விரல்கூடத் தள்ளேல்லை. வா, அளந்து பார்!"

"அப்பாவின்ரை பேரை வெட்டியாச்சு" என்றார் அருட்செல்வன் உரத்து, தொலைபேசிக்கும் கேட்கத்தக்கதாக.

பார்த்தீபன் இவரைப் பாராமல் சரிந்த வாழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுதான் கனகசபாபதியை அதிகம் வருத்தியது.

அமெரிக்காவே பார்த்துக்கொண்டிருந்தது. மானமா வாழையா என்று வந்தபோது, எந்தக் கமக்காரனும் செய்வதையே கனகசபாபதி செய்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.

"மணியத்தார், உங்கடை வேலி நேரான வேலி. நான் சத்தியமா மெக்சிக்கோவைத்தான் சொன்னனான். என்ன கோபமெண்டாலும் என்னிலை காட்டுங்கோ, வாயில்லாத வாழையிலை காட்டாதேங்கோ. தயவுசெய்து மோட்டர்க் கொட்டிலைத் திறந்து விடுங்கோ."

மணியத்தாரின் கோபம் அப்படியே நின்றுவிட்டது.

"கொட்டிலோ? அதை நான் ஏன் பூட்டுறன்? நானே என்ரை முறைக்கு உன்ரை மனிசியிட்டைப் பூட்டுத் திறப்பு வாங்கித்தானே தண்ணி இறைக்கிறன்!"

எல்லாத் தலைகளும் கிணற்றடிக்குத் திரும்பின. தடியில் கட்டிய தொலைபேசியும் காற்றுக்கு அந்தப் பக்கமே திரும்பியது.

"நீரோ?" கனகசபாபதி கிணற்றடிக்கு நடந்தார். "நீர் ஏனப்பா பூட்டினனீர்?"

உதயகலா இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்து அவருடைய கையில் வைத்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"உங்கடை ஒரு நிகழ்ச்சியும் நான் விட்டதில்லை, ஓசியிலை குடுக்கக் குடுக்க மனிசன் சோம்பேறியாப் போவான், அரசாங்கம் கையை எடுத்தால்தான் தன்ரை காலிலை நிப்பான் எண்டு நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, போன மாரி முடிஞ்சதிலை இருந்து விடியக்காலமை உங்கடை வாழைக்குத் தண்ணி விட்ட அரசாங்கம் நான்தான்."